இங்கிலாந்தில் ஒரே ஒரு பிரபு மாளிகைத் தோட்டம் பார்க்க நேரமிருந்தால் எங்கே போகலாம்? எல்லாமே புல்லும் மரமும்தானே?

சாட்ஸ்வொர்த் போங்கள். டார்பிஷயரில் டெவன்ஷயர் டியூக்குகளின் மாளிகை. ஷெஃபீல்டில் வேலை பார்த்தபோது ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன். பாதிப் பேர் உங்களைப் போலத்தான் கேட்பார்கள். பூவைத் தேடாதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்பேன்.

மாளிகைக்குப் பின்னால் மேடு. அதன் உச்சியில், மரங்களுக்கு அப்பால், மனிதர்கள் வெட்டிய ஏரிகள். அங்கிருந்து குழாயில் இறங்கும் வேகத்தில்தான் கீழே நீரூற்றுகள் பீய்ச்சுகின்றன. மோட்டார் கிடையாது. 1844-இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வரப்போகிறார் என்ற நம்பிக்கையில், தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் மேலே எட்டு ஏக்கரில் புதிதாக ஓர் ஏரியே தோண்டி, கீழே நீண்ட குளத்தில் 'எம்பரர்' ஊற்றை அமைத்தார். ஆறே மாதத்தில் வேலை முடிந்தது. பேரரசர்தான் வரவில்லை! முழு வேகத்தில் அது 90 மீட்டர் வரை எழும்பியிருக்கிறது. காற்று திரும்பினால் குளக்கரையில் நிற்பவர்கள் தொப்பலாக நனைவார்கள். கேமராவைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. 1893-இல் இதே மேட்டுத் தண்ணீரால் டர்பைன் சுழற்றி மாளிகைக்கு விளக்கு எரித்தார்கள்.

அதற்கும் பழையது கேஸ்கேட். 1690-களில் கிரியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய கல் படிக்கட்டு அருவி, மொத்தம் 24 படிகள். ஒவ்வொரு படியின் அகலமும் விளிம்பும் வேறு, அதனால் தண்ணீர் விழும் சத்தமும் படிக்குப் படி மாறும். அவசரமாக ஏறினால் இது தெரியாது. ஓடுகிறதா, பழுதுபார்க்க நிறுத்தியிருக்கிறார்களா என்று மட்டும் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளிப் பாறைகளுக்கு நடுவே உலோகத்தில் செய்த வில்லோ மரம் ஒன்று நிற்கும். பக்கத்தில் போனால் கிளைகளிலிருந்து தண்ணீர் தெளிக்கும். பிரபுக்களின் குறும்பு.

சரி, உங்கள் புல்லுக்கு வருகிறேன். அது தானாக வந்த புல் இல்லை. 1760-களில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற தோட்ட வடிவமைப்பாளர் வந்து, வரைபடம் போட்டது போலிருந்த பழைய பூப்பாத்திகளில் பெரும்பகுதியை அழித்துப் புல்வெளி ஆக்கினார். டெர்வென்ட் ஆறும் பார்வைக்கு ஏற்றபடி திருத்தப்பட்டது. நல்ல வேளை, கேஸ்கேட் தப்பியது. அப்புறம் 1830-களின் இறுதியில் ஆறாவது டியூக், மாளிகையின் பார்வையில் பட்ட எடென்சர் கிராமத்து வீடுகளை இடித்து, கண்ணுக்கு மறைவாகப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார். ஜன்னல் காட்சிக்காக ஓர் ஊரையே நகர்த்துவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் அந்தப் புது எடென்சர் அழகான ஊர், அதையும் மறுக்க முடியாது.

எனக்குப் பிடித்த ஆள் பாக்ஸ்டன்தான். 1826 மே மாதம் அதிகாலை நாலரை மணிக்கு வேலையில் சேர வந்தவர், கேட்டை ஏறிக் குதித்துத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாராம். ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு அனுப்பி, நீரூற்றுகளைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, காலை உணவின்போது மாளிகை மேற்பார்வையாளரின் உறவுப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து... எல்லாம் ஒன்பது மணிக்குள். அவரே எழுதி வைத்த கணக்கு இது. பிறகு அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டார்.

இவர் கண்ணாடி வீட்டில் வளர்த்த குட்டை வாழை 1835-இல் பூத்தது. டியூக்கின் குடும்பப் பெயர் கேவண்டிஷ், அதையே வாழைக்கும் வைத்தார்கள். நம்மூர்க் கடைகளில் விற்கும் ரொபஸ்டா, தேனிப் பக்கம் பயிராகும் ஜி9 எல்லாம் அந்தக் கேவண்டிஷ் வகைதான். உலகத்துக் கேவண்டிஷ் மொத்தமும் சாட்ஸ்வொர்த்திலிருந்து போனது என்று சிலர் அளப்பார்கள், நம்பாதீர்கள். அந்த இனம் ஆசியாவுடையது. பாக்ஸ்டன் கட்டிய மிகப் பெரிய கண்ணாடி மாளிகையோ இன்று இல்லை. அதைச் சூடாக வைக்க எட்டு கொதிகலன்கள், அவற்றுக்கு நிலக்கரி கொண்டுபோக நிலத்தடிச் சுரங்கப்பாதை. முதல் உலகப் போரில் சூடேற்ற வழியில்லாமல் செடிகள் செத்தன, 1920-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் செடிகளால் ஆன புதிர்ப்பாதை (மேஸ்) இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் அதற்கு அரை மணி ஒதுக்குங்கள்.

நேரம் குறைவென்றால் மாளிகையை விட்டுவிட்டு தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். வெளியே ஆற்றங்கரைப் பூங்காவில் நடக்கக் காசு கிடையாது. ஷெஃபீல்டிலிருந்து பஸ் உண்டு.