முதல் ஆட்டத்துக்கு எந்தக் கிளாஸ்?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பாலக்காட்டில் என் கல்லூரித் தோழிகள் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தை ஆடுகிறார்கள். அடுத்த வாரம் என்னையும் அழைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கிளாஸை, அதாவது பாத்திர வகையை, எடுக்கவேண்டுமாம். காயம் ஆற்ற ஆள் இல்லை என்பதால் பூசாரியான கிளெரிக்கை எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கோ மந்திரவாதியான விசார்ட் மீதுதான் ஆசை. வீட்டில் தமிழ் பேசுகிறோம், மேசையில் மலையாளம் ஓடும். புரியும், ஆனால் பேசும்போது தடுமாறுவேன். எதைத் தேர்ந்தெடுப்பது?"

கிளெரிக்கை இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். குழுவில் எது குறைகிறதோ அதைப் புதியவர் தலையில் கட்டுவது, கல்யாண வீட்டுக்கு முதன்முறை வந்தவரைப் பந்தி விசாரிக்க நிறுத்துவதைப் போன்றது. ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பில் கிளெரிக் இல்லாமலும் குழு பிழைக்கும்: ஒரு மணி நேரச் சிறு ஓய்வில் ஒவ்வொருவரும் தமக்குரிய ஹிட் டைஸ் என்னும் பகடைகளை உருட்டி இழந்த ஹிட் பாயிண்ட்டை, அதாவது உயிர்ப் புள்ளிகளை, மீட்கலாம், 50 பொற்காசு விலையுள்ள மருந்துக் குப்பியும் இருக்கிறது. கிளெரிக்கோ, தன் முதல் நிலை மந்திரப் பட்டியல் முழுவதையும் புரட்டி அன்றைக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ள வேண்டியவர். அந்தப் பட்டியலைப் படிக்காமல் மேசைக்குப் போனால் உங்கள் முறை வரும்போதெல்லாம் எல்லோரும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

விசார்ட் ஆசையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். நுண்ணறிவு 16 உள்ள முதல் நிலை விசார்ட்டின் ஏட்டில் 6 மந்திரங்கள் இருக்கும். அவற்றில் 4ஐ அன்றைக்குத் தயாராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓய்வெடுக்கும்வரை இரண்டே முறைதான் பயன்படுத்த முடியும். மற்ற நேரமெல்லாம் கேன்ட்ரிப் எனப்படும் சிறு மந்திரங்களோடு காலம் தள்ளவேண்டும். உடல் வலு 14 என்றால் ஹிட் பாயிண்ட் 8. 2014 விதிகளின்படி கோப்ளின் என்னும் ஒரு சாதாரணச் சிறு அரக்கனின் கத்தி ஒரே வீச்சில் 8 புள்ளி பறித்துவிடக்கூடும். கவசமின்றி ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எதிரி பகடையில் எட்டவேண்டிய எண்) 12இல் நிற்கும் விசார்ட்டை அந்தக் கோப்ளின் 20க்கு 13 வாய்ப்பில் தாக்கிவிடும். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் தரையில் கிடப்பது எவருக்கும் நல்ல அறிமுகமல்ல.

என் பரிந்துரை போர்வீரரான ஃபைட்டர். ('கிளாஸ்' என்பதை வகுப்பு என்று எழுதினால் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது, ஆகவே வழக்கிலுள்ள பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.) அதே உடல் வலுவில் ஃபைட்டருக்கு 12 ஹிட் பாயிண்ட்; சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்து ஆர்மர் கிளாஸ் 18; அதே கோப்ளினின் வாய்ப்பு 20க்கு 7ஆகச் சுருங்குகிறது. உங்கள் முறை வரும்போது செய்யவேண்டியதும் எளிது. 20 முகப் பகடையை உருட்டி 5ஐக் கூட்டுகிறீர்கள். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கோப்ளின்மீது வாள் பட்டது. 8 முகப் பகடையை உருட்டி 3ஐக் கூட்டிச் சொல்கிறீர்கள். கோப்ளினிடம் இருப்பது 7 புள்ளி என்பதால் பகடையில் 4 விழுந்தாலே போதும். அடி பட்டுத் தளர்ந்தால் 'செகண்ட் விண்ட்' கொண்டு 10 முகப் பகடையோடு 1 கூட்டி மீட்டுக்கொள்ளலாம். இந்தக் கணக்கு இரண்டாவது சுற்றிலேயே கைக்கு வந்துவிடும். பிறகு கதையைக் கவனிக்க மனம் ஓயும்.

பேச்சாலும் தந்திரத்தாலும் ஆட விரும்பினால் மறைந்து தாக்கும் ரோக் நன்று. ஆனால் தோழி ஒருத்தி அதே எதிரிக்கு 5 அடிக்குள் நின்றால் தாக்குதலுக்குக் கூடுதல் பகடை கிடைக்கும் என்பது போன்ற நிபந்தனைகளை நினைவில் வைத்திருக்கவேண்டும். மந்திரம் இல்லாமல் வரவே மாட்டேன் என்றால் வார்லாக் என்னும் இன்னொரு மந்திரக் கிளாஸைப் பாருங்கள். தொடக்கத்தில் அறிந்த மந்திரம் இரண்டுதான். செலவான மந்திர வாய்ப்பு சிறு ஓய்விலேயே திரும்பிவிடும். 'எல்ட்ரிச் பிளாஸ்ட்' என்ற ஒரே கேன்ட்ரிப் 120 அடி தொலைவிலிருந்தே பெரும்பாலான சண்டைகளுக்குப் போதும்.

மொழிக் கவலைக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் உண்மையான முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். பாத்திரத்தின் குரலிலேயே பேசவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "அவள் வாயிற்காவலனிடம் கெஞ்சிப் பார்க்கிறாள்" என்று சொல்லிப் பகடை உருட்டினால் செல்லும். அதைத் தமிழில் சொன்னாலும் பாலக்காட்டு மேசையில் யாரும் விழிக்கப்போவதில்லை. ஆனால் பாடியும் பசப்பியும் காரியம் சாதிக்கும் பார்டை இப்போது எடுத்தால், ஒவ்வொரு காட்சியிலும் உங்களைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கூச்சம் உள்ளவருக்கு அது கடினம்.

போகுமுன் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஆடுவது 2014 புத்தகமா, 2024 புத்தகமா? பிந்தியதில் ஃபைட்டருக்குச் செகண்ட் விண்ட் இரண்டு முறை உண்டு. ஆயுதங்களுக்கெனத் தனித் திறன்களும் சேர்ந்திருப்பதால், ஒரே வாளைக் கொண்டு தொடங்குவது நல்லது. அடுத்து, மூன்றாம் நிலையை எட்டும்போது கிளாஸை மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலோர் சம்மதிப்பார்கள், விசார்டின் ஏட்டை அதற்குள் நிதானமாகப் படித்து வைத்துக்கொள்ளலாம்.