வீட்டுப் பத்திரத்தை வைத்து சீட் வாங்காதீர்கள், அம்மா

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பம் போன வாரம் ஆலோசனைக்கு வந்திருந்தது. பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கு, கம்ப்யூட்டர் குரூப், மார்க் சுமார்தான். சித்தப்பா கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி முடித்துவிட்டார். பணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதாக ஏற்பாடு. பையனோ ரியல் எஸ்டேட்டில்தான் இறங்குவேன் என்கிறான். லீவு விட்டால் சேர்வராயன் மலையில் ஏறிக்கொண்டிருப்பவன். "மலை மலையா சுத்தறவனுக்கு புரோக்கர் வேலைதான் கிடைச்சுதா சார்?" என்று கேட்டார் அம்மா. அவருக்கான பதில் இது.

அம்மா, முதலில் அந்த அடமானத்தை நிறுத்துங்கள். பையன் கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனவன், கோடிங்கில் ஆர்வமே இல்லை என்று என் முன்னாலேயே சொன்னான். இஷ்டமில்லாத படிப்பை நான்கு வருடம் இழுத்துக்கொண்டு போய், அரியரோடு வெளியே வந்தால், தவணை கட்டப்போவது உங்கள் பட்டறை. வெள்ளி விலை ஏறி இறங்குகிற காலத்தில் கூலி வேலை எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். 'குடும்பத்தில் ஒரு இன்ஜினியர் வேண்டாமா' என்று கேட்கும் சித்தப்பாவிடம், தவணையில் பாதி கட்டுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, ரியல் எஸ்டேட் என்றால் உங்கள் கண்ணில் தெரிவது ஃபிளெக்ஸ் பேனரும், கூலிங் கிளாஸும், ஒரே டீலில் லட்சாதிபதி ஆனவன் கதையும். அது உச்சியில் எடுத்த போட்டோ மட்டும். இமயமலையில் ஏறுகிறவர்கள் நேராக உச்சிக்குப் போவதில்லை. பகலில் உயரம் ஏறி, இரவில் கீழ் முகாமுக்கு இறங்கித் தூங்குவார்கள். குறைந்த காற்றுக்கு உடம்பு பழக நாள் கணக்கில் ஆகும், அவசரப்பட்டவனுக்கு மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளலாம். மனைத் தொழிலிலும் முதல் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான். நடை இருக்கும், வருமானம் பெரிதாக இருக்காது. அந்தக் காலத்தைத் தாங்காமல் அடுத்தவர் காசில் அட்வான்ஸ் போட்டு விளையாடியவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. 1953 மே 26 அன்று இவான்ஸ், போர்டில்லன் என்ற இருவர் எவரெஸ்ட் உச்சிக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் கீழே வரை போய்விட்டுத் திரும்பினார்கள். ஆக்சிஜன் கருவியில் கோளாறு, நேரமும் கடந்துவிட்டது. மூன்று நாள் கழித்து ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது அவர்களுக்குக் கைகொடுத்தது முன்னவர்கள் மேலே விட்டுவந்த சிலிண்டர்கள். கைக்கெட்டும் தூரத்தில் திரும்பி வர ஒரு மனம் வேண்டும். பத்திரப்பதிவுக்கு நாள் குறித்த பிறகு ஒரு வாரிசு கையெழுத்து விட்டுப்போயிருப்பது தெரிந்தால், கமிஷன் போனாலும் பரவாயில்லை என்று "இந்த இடம் வேண்டாம்ண்ணா" என்று சொல்கிறவனிடம்தான் அடுத்த முறையும் ஆள் வரும். உங்கள் பையனிடம் மலையில் பாதியில் திரும்பியிருக்கிறாயா என்று கேட்டேன். மேலே மழை கறுத்ததும் இறங்கிவிட்டானாம், கூடப்போனவர்கள் கேலி செய்தார்களாம். எனக்கு அது நல்ல சான்றிதழாகத் தெரிந்தது.

அவனை நேராக விற்பனைக்கு அனுப்பாதீர்கள். யாரும் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது: ஆவணம் பார்க்கும் வேலை. ஒரு நல்ல பத்திர எழுத்தரிடமோ, சொத்து வழக்குப் பார்க்கும் வக்கீலிடமோ உதவியாளாகச் சேரட்டும். சம்பளம் பெட்ரோலுக்குத்தான் காணும். ஆனால் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுந்திருக்கிறதா என்று படிக்கப் பழகுவான். குறைந்தது முப்பது வருடத்துக்கு வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பார்ப்பான், அந்த வில்லங்கச் சான்றில் கோர்ட் வழக்கும் பதியாத உயிலும் தெரியாமல் போகலாம் என்பதையும் அங்கேதான் கற்பான். பட்டா-சிட்டாவிலும் (நிலம் யார் பெயரில் என்ற அரசுக் கணக்கு), அ-பதிவேட்டிலும் (கிராமத்து நிலங்களின் பதிவேடு) சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகிறதா, கூட்டுப் பட்டாவில் யார் யார் பெயர், நிலத்தின் அளவு காட்டும் புலப்படத்தில் இருக்கும் வண்டிப்பாதை நேரில் இருக்கிறதா, இதையெல்லாம் வெயிலில் அளவுச் சங்கிலி இழுக்கும் சர்வேயரோடு நடந்து தெரிந்துகொள்ள வேண்டும். நடப்பது அவனுக்குப் பிடித்த வேலைதானே!

மலை தெரிந்தவன் என்பதால் ஏற்காட்டிலேயே அவனுக்கு ஒரு தனி மதிப்பு வரும். வார இறுதியில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வியூ பார்த்து மயங்கி, அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மலைக் கிராமத்தில் மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் தரையில் இருப்பதைவிடக் கூடுதல் கட்டுப்பாடு, ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு) அனுமதி எல்லாம் உண்டு. நில உச்சவரம்பில் விலக்குப் பெற்ற காபித் தோட்டமா, அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலமா, காப்புக்காட்டு எல்லை எங்கே என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பதிவு முடிந்ததோடு வேலை தீராது. பட்டா மாற்றம், உட்பிரிவு, வரிப் பெயர் மாற்றம் வரை கூட நிற்க வேண்டும். மலையிலும் இறங்குகிற வழியில் விழுகிறவர்கள் அதிகம்.

இதற்கு இணையாக அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கட்டும். கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும், டிகிரியும் இருக்கும். அதற்குப் பிறகு சொந்தப் பெயரில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு. 2016 சட்டப்படி, பதிவு தேவைப்படும் திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் ஏஜென்ட் தானும் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அது விற்ற சொத்தின் மதிப்பில் ஐந்து சதவீதம் வரை ஏறும். எவனாவது 'பதிவெல்லாம் எதுக்கு தம்பி' என்றால் அவனிடம் வேலைக்கு விடாதீர்கள்.

பணத்தில் மட்டும் நான் கறார். தொழில் தொடங்க முதல் என்று மூன்று வருடத்துக்கு ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. சாப்பாடு, பஸ் செலவு, போன் உங்களுடையது. சொந்தமாக இடம் வாங்கி விற்பது, பார்ட்டியின் அட்வான்ஸைக் கையில் வாங்குவது இரண்டும் கிடையாது என்று அவனிடம் இப்போதே பேசிவிடுங்கள். மூன்றாம் வருட முடிவில் ஒரு பத்திரத்தைக் கொடுத்தால் ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், பி.காம். வைத்து வேறு வேலை தேடட்டும்.

மலை ஆசையையும் அடக்காதீர்கள். உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். ஏதாவது ஒரு கோடை லீவில் போய்வரட்டும், அந்தச் செலவை அவனே சம்பாதித்துக் கட்டட்டும்.

கோயம்புத்தூர் கல்லூரிக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றீர்கள். நாளைக்கே போன் போட்டு சீட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது பையனையும் அவன் அப்பாவையும் மட்டும் அழைத்து வாருங்கள். சித்தப்பா வேண்டாம்.