மூளைக் காயத்துக்குப் பிறகு குழுப் பயிற்சியில் ஒருவர் தேறுவது எதைப் பொறுத்தது?

நான் மருத்துவர் இல்லை. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் விசைப்படகு டிரைவராக இருந்த என் அண்ணனுக்கு பைக் விபத்தில் தலையில் அடிபட்டது. மூளையில் அடிபட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மறதியையும் கோபத்தையும் சமாளிக்கப் பழகும் குழுப் பயிற்சி மதுரையில் நடந்தது. அதற்கு அவரைக் கூட்டிப்போய்க் கூடவே உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காயம் எவ்வளவு கடுமை என்பதுதான் முதல் காரணம். அடிபட்டவருக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். கண் விழித்த பிறகும் புதிதாக எதுவும் மனதில் தங்காமல் குழம்பிக் கிடக்கும் நாட்கள் நீள நீள, தேறுவதும் தள்ளிப்போகும். வயது, வலிப்பு, குடி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இதில் குடியை விடுவதும் மாத்திரையை விடாமல் போடுவதும் மட்டும்தான் நம் கையில்.

ஆனால் குழுவுக்குள் எல்லாவற்றையும் தீர்மானித்தது வேறொன்று: தன்னிடம் குறை இருப்பது அவருக்கே தெரிகிறதா? நெற்றிப் பக்க மூளையில் அடிபட்டவர்கள் பலருக்கு அது தெரியாது. வீம்பு என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அதை உணர வேண்டிய இடத்திலேயே அடி. "எனக்கு என்ன கொறச்சல், நாளைக்கே கடலுக்குப் போவேன்" என்பார் அண்ணன். அண்ணி மறுத்துச் சொன்னால் சண்டைதான். (மனநோய் தீர வேண்டிப் போகும் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னவர்களும் உண்டு.)

குழுவில் கீழக்கரைக்காரர் ஒருவர் சொன்ன கதையையே திரும்பச் சொன்னார். அண்ணன் சிரித்தார். உடனே அவர், "நீங்களும் அந்தப் படகு ஐஸ் கணக்கை மூணு தடவை சொல்லிட்டீங்கண்ணே" என்றார். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அதன் பிறகுதான் அண்ணன் நோட்டில் எழுத ஆரம்பித்தார். நாங்கள் சொன்னால் குத்தலாகக் கேட்டது, அதே நிலையில் இருப்பவர் சொன்னதும் ஏறியது.

குறை தெரிய வந்ததும் மனம் ஒடிந்துபோகும், அதையும் எதிர்பாருங்கள். பயிற்சியால் மோசமாகிவிட்டார் என்று நிறைய குடும்பங்கள் நிறுத்துவது அப்போதுதான். மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பேச்சு வராதவரை வாயாடிகள் நடுவில் உட்கார வைத்தால் ஓரமாகிவிடுவார். அவருக்கு முதலில் தனியாகப் பேச்சுப் பயிற்சி தேவை. களைப்பு இன்னொன்று. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அத்தனை தூரம் வந்து இறங்கியவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் ஏறவில்லை. முந்தின இரவே போய் சொந்தக்காரர் வீட்டில் தங்கியதும் நிலைமை மாறியது.

எங்கள் பக்கம் கடலும் ஒரு காரணம். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று போகும்போது கூட்டிப்போக ஆள் கிடைப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் வீட்டில் இருப்பதால் விடாமல் போக முடிந்தது. மையத்தில் கற்றது வீட்டுப் பழக்கமாகத் தானாக வராது என்பதால், அங்கே சொல்லித்தந்த பட்டியல் எழுதும் பயிற்சியை டீசல், ஐஸ் கணக்காக மாற்றிக்கொண்டோம்.

மதுரை வரை போக முடியாதவர்கள், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியைக் கேட்டுப் பெறலாம். கை கால் அசைவுக்கு அது நல்லது. மறதிக்கும் கோபத்துக்கும் போதாது. ஆறு மாதம் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப மாதங்களின் வேகம் அப்புறம் இருக்காது, ஆனாலும் வருடக்கணக்கில் மாற்றம் வரும். அண்ணன் இப்போது கரையில் வலை வேலை பார்க்கிறார். படகை ஓட்டக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார், நாங்கள் தருவதில்லை.