தொடுகை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு முற்றிய நுரையீரல் புற்றுநோய். இப்போது ஹாஸ்பைஸில், அதாவது கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தில், இருக்கிறார். வலிக்கு மார்ஃபின் கொடுக்கிறார்கள். கூடவே மசாஜ், வாசனை எண்ணெய், இசை என்று துணை சிகிச்சைகளும் செய்யலாமா என்று கேட்கிறார்கள். எல்லாம் ஏமாற்று வேலை என்கிறான் தம்பி. அக்காவோ மார்ஃபினை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் செய்யலாம் என்கிறாள். இவற்றால் நிஜமாகவே பலன் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அக்காவிடம் இன்றே சொல்லிவிடுங்கள், மார்ஃபினில் கை வைக்கக்கூடாது. துணை சிகிச்சை மருந்துக்குத் துணையாக வருவது. மருந்தை எடுத்துவிட்டு அதை மட்டும் கொடுப்பது கொடுமை. வாசனை எண்ணெய் அவருக்குப் பிடித்தால் சரி, குமட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். இசை என்றால் அவர் கேட்கும் பாட்டாக இருக்கட்டும்.

மசாஜ் பற்றித்தான் எழுதவேண்டும். கொஞ்ச காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2008ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முற்றிய புற்றுநோயாளிகள் 380 பேர். ஏறத்தாழ பாதிப்பேருக்கு மசாஜ் செய்தார்கள். மற்றவர்களுக்கு உடம்பில் சில இடங்களில் வெறுமனே கையை வைத்திருந்தார்கள், அழுத்தாமல், தேய்க்காமல். மசாஜ் முடிந்த கையோடு வலி நன்றாகவே குறைந்தது, மனமும் தெளிந்தது. ஆனால் நாள்போக்கில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் தம்பி இதைப் பிடித்துக்கொள்வார். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சும்மா கை வைக்கப்பட்டவர்களுக்கும் வலி தணிந்திருக்கிறது!

என் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது எத்தனையோ கைகள் அவளைத் தொட்டன. ஊசி போட, ரத்த அழுத்தம் பார்க்க, விரிப்பு மாற்ற. எல்லாமே கையுறை போட்ட கைகள். நான் கால்மாட்டில் நாற்காலி போட்டு ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தொட்டால் வலிக்குமோ என்று பயம். ஏழாம் நாள் ஒரு தன்னார்வலப் பெண் வந்தார். "கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று அம்மாவிடமே கேட்டார். நான் இருந்த இத்தனை நாளில் அவளிடம் யாரும் எதையும் கேட்டு நான் பார்க்கவில்லை. மடியில் துண்டை விரித்து, அதன்மேல் அம்மாவின் கையை வைத்து, ஊசி குத்திக் கன்றிய இடத்தை விட்டுவிட்டு, விரல் விரலாக நீவினார். இறுக மூடியிருந்த உள்ளங்கைக்குள்ளிருந்து கட்டைவிரல் மெல்ல வெளியே வந்தது. கால் மணி நேரம் கழித்து அம்மா கண்ணைத் திறக்காமலே மறுகையைத் தூக்கி, "இதையும்" என்றாள். அந்தக் கை என் பக்கம் இருந்தது. ஆறு நாளாக என் பக்கம்தான் இருந்தது.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தம்பி சொன்னது இருக்கிறது, அக்கா சொன்னது இருக்கிறது. அப்பா என்ன கேட்டார் என்று ஒரு வரி இருக்கிறதா? அவரைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள்? பலன் உண்டா என்று எனக்கு எழுதிய நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். கோபமாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடக்கூடாது என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி இருக்கும் இடம், கதிர்வீச்சு கொடுத்த தோல், புண், ரத்தம் உறைந்த கால், இவற்றை விட்டுவிட வேண்டும். கையைக் கழுவி, உரசிச் சூடாக்கிக்கொண்டு, மெதுவாக. முகம் சுளித்தால் நிறுத்துங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, சும்மா பக்கத்தில் இருங்கள்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டிலின் அந்தப் பக்கம் அவர் உட்காரட்டும்.