மொபைல் டேட்டா: தினசரி அளவு தீர்ந்தபின் நடப்பது என்ன?

கேள்வி: நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ‘அன்லிமிடெட்’ ப்ரீபெய்ட் திட்டத்தில் இருக்கிறேன். மாலை 7 மணிக்கு மேல் பல நாள்களில் இணையம் நகரவே மறுக்கிறது. கூடுதல் டேட்டா வவுச்சர் போட்டாலும் சில நாள்களில் பயனில்லை. நிறுவனம் ஏமாற்றுகிறதா? (திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரு வேறு சிக்கல்கள் கலந்துள்ளன. ஒன்றுக்கு வவுச்சர் தீர்வாகும், மற்றொன்றுக்கு ஆகாது.

நீங்கள் ரீசார்ஜ் செய்யும் திட்டம், நிறுவனத்தின் கணினியில் உங்கள் எண்ணுக்கு நேரே பதிவாகும் சில விதிகளாகிறது. 4ஜி வலையமைப்பில் அந்த விதிகளைக் கையாளும் அமைப்பைப் பி.சி.ஆர்.எஃப். என்றும், 5ஜியில் பி.சி.எஃப். என்றும் பொறியாளர்கள் சொல்வார்கள். இருப்பைக் கணக்கிடுவது ஓ.சி.எஸ். என்ற கட்டண அமைப்பு. அன்றைய 2 ஜிபி தீர்ந்ததை ஓ.சி.எஸ். தெரிவித்தவுடன், உங்கள் டேட்டா முழுவதும் கடந்துசெல்லும் கேட்வேக்குப் புதிய விதி ஒன்று போகிறது. இணைப்பு அறுபடாமலே, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவின் நடுவிலேயே வேகம் பெரும்பாலான திட்டங்களில் 64 கேபிபிஎஸ் ஆகிவிடுகிறது. நொடிக்கு 8 கிலோபைட் என்பதே இதன் பொருள். 1 எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் இறங்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போய்விடும்; யுபிஐயில் பணம் அனுப்ப முயன்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு ‘அன்லிமிடெட்’ என்று பெயர் வைப்பது முறையன்று என்பதே என் கருத்து. ஆயினும் குறைந்த வேகம் எவ்வளவு என்பது திட்ட விவரத்தில் அச்சாகியிருந்தால், ஏமாற்று என்று வாதிடுவது கடினம்.

இரண்டாவது சிக்கல் டவர் நெரிசல். பகுதியில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் வரும் இந்தத் தேக்கத்தை எந்த வவுச்சரும் நீக்காது. வேறுபாட்டைக் கண்டறிவது எளிது. அளவு தீர்ந்திருந்தால், எங்கே சென்று சோதித்தாலும் வேகம் ஏறக்குறைய 0.06 எம்பிபிஎஸ்ஸைத் (மேலே சொன்ன அதே 64 கேபிபிஎஸ்) தாண்டாமல், கணக்கு புதுப்பிக்கப்படும் நேரம் வரை (பெரும்பாலும் நள்ளிரவு 12 மணி) அப்படியே நிற்கும். நெரிசலானால் வேகம் ஏறி இறங்கும். இரண்டு தெரு தள்ளிப் போனாலோ இரவு 11 மணிக்குப் பார்த்தாலோ மாறியிருக்கும். ஆகவே, நிறுவனத்தின் செயலியில் அன்றைய இருப்பைப் பார்க்காமல் வவுச்சர் வாங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு, நாளொன்றுக்கு 2 ஜிபியோ அதற்கு மேலோ தரும் திட்டங்களுக்கே ஜியோவும் ஏர்டெலும் வரம்பற்ற 5ஜியைத் தரத் தொடங்கின. வீட்டுக்குள் 5ஜி கிடைக்காமல் போன் 4ஜிக்கு இறங்கினால், அந்த நேரப் பயன்பாடு 2 ஜிபியிலிருந்தே கழியும்.

கேள்வி: என் போன் 1.6 ஜிபி என்கிறது. நிறுவனம் 2 ஜிபியும் தீர்ந்துவிட்டது என்கிறது. எதை நம்புவது? (மதுரை வாசகர்)

பதில்: கட்டணத்துக்குச் செல்லுபடியாவது கேட்வேயின் கணக்கு. கேட்வேயைத் தாண்டியபின், சிக்னல் குறைவால் போனுக்கு வந்துசேராமல் தொலைந்த தரவும் அங்கே எண்ணப்பட்டுவிடும். மேலும் கட்டண அமைப்பு முழு அளவையும் ஒரே தடவையில் கேட்வேயிடம் ஒப்படைப்பதில்லை. ரேஷன் கடையில் அளந்து போடுவதுபோல் சிறு பங்குகளாக ஒதுக்கி, ஒரு பங்கு தீர்ந்தபின் அடுத்ததைக் கொடுக்கும். அதனால் செயலியில் தெரியும் இருப்பு சிறிது முன்பின்னாக இருப்பது இயல்பு.

ஆனால் 400 எம்பி வித்தியாசத்துக்கு இந்தக் காரணங்கள் போதுமென்று நான் நினைக்கவில்லை. ஹாட்ஸ்பாட் வழியாகச் சென்றது போனில் தனி வரியாக இருக்கும். அது 1.6 ஜிபியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகும் கணக்கு இடித்தால், விவரப் பட்டியல் கேளுங்கள். ப்ரீபெய்ட் வாடிக்கையாளருக்கும் கடந்த 6 மாதப் பயன்பாட்டு விவரத்தை 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதி. அளவில் 50, 90, 100 சதவீதத்தை எட்டும்போது குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதும் விதியே. அச்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தால், வந்த நேரமே சான்றாகும்.

கேள்வி: கூடுதல் பணம் கட்டினால் மற்றவர்களைவிட வேகமான இணையம் கிடைக்குமா? (கோவை வாசகர்)

பதில்: தொழில்நுட்பத்தால் முடியும், மேலே சொன்ன விதிகளில் முன்னுரிமை என்பதும் ஒன்று. வோடஃபோன் ஐடியா ‘ரெட்எக்ஸ்’ என்ற பெயரிலும், ஏர்டெல் ‘பிளாட்டினம்’ என்ற பெயரிலும் இப்படி விளம்பரம் செய்தபோது, மற்ற வாடிக்கையாளர்களின் சேவை பாதிக்காதா என்று கேட்டு, அவற்றை நிறுத்திவைக்குமாறு 2020 ஜூலையில் டிராய் சொன்னது. எத்தனை எம்பிபிஎஸ் என்ற எண் இல்லாத ‘முன்னுரிமை’க்கு மாதாமாதம் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு செயலிக்கு ஒரு விலை, மற்றொன்றுக்கு வேறு விலை என்று டேட்டாவை விற்பதை 2016 பிப்ரவரி 8 அன்றே டிராய் தடை செய்துவிட்டது.

கேள்வி: புகாரை எங்கே கொடுப்பது? (சேலம் வாசகர்)

பதில்: முதலில் 198 என்ற எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தியாக இல்லையெனில், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. அங்கே எழுதி நாள்களைக் கடத்த வேண்டாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் உண்டு: தொலைத்தொடர்புச் சேவைக் குறைகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய்த் தகராறுக்கு அதுவே பொருத்தமான இடம்.