கம்பஸ் கிடைக்காவிட்டால் மட்டக்களப்பில் எச்.என்.டி படிக்கலாமா?

தங்கச்சி, உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் போக வெட்டுப்புள்ளி போதவில்லை, வீட்டில் மூன்றாம் தடவையும் எழுதச் சொல்கிறார்கள், மட்டக்களப்பு ஆரையம்பதியில் எச்.என்.டி, அதாவது உயர் தேசிய டிப்ளோமா, படித்தால் பிரயோசனம் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படியுங்கள். நான் அங்கேதான் தகவல் தொழில்நுட்பம் படித்தேன், இன்றைக்கும் அந்தப் படிப்புத்தான் எனக்குச் சோறு போடுகிறது.

ஆரையம்பதி கோவில்குளத்தில் எச்.என்.டி நடத்துகிற உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் ஏதோ தனியார் வகுப்பு என்று நினைக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அது அரசாங்கத்துடையது, 1995ஆம் ஆண்டு 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. முழுநேரம் படித்தால் படிப்புக் கட்டணம் இல்லை, பகுதிநேரத்துக்குத்தான் காசு. தகவல் தொழில்நுட்பம் என்றால் இரண்டு வருடம் வகுப்பு, அப்புறம் ஆறு மாதம் வெளியே பயிற்சி. கணக்கியல் நான்கு வருடம்.

எனக்கு அதிகம் பிரயோசனப்பட்டது செயற்திட்டம்தான். எங்கள் குழு களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு இருப்பும் கடனும் பார்க்கிற மென்பொருள் செய்தது. முப்பது நாள் தவணை என்று பாடத்தில் படித்திருந்தோம். முதலாளியோ கடன் கொப்பியை விரித்து, இவர்களெல்லாம் வேளாண்மை வெட்டினதும்தான் தருவார்கள், மழை பிந்தினால் அதுவும் பிந்தும், இதை எப்படிப் போடப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆணி கிலோக் கணக்கு, கம்பி துண்டுக் கணக்கு. அங்கே உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் செய்ததைத்தான் பிறகு நேர்முகத்தில் என்னால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது.

கஷ்டம் ஒன்று இருக்கிறது, மறைக்க மாட்டேன். பாடம் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படித்து வந்த நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே மனம் விட்டு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் கவலைதான். அனுமதி வரும்வரை இருக்கிற மாதங்களைச் சும்மா விடாமல் ஆங்கிலத்தைப் பிடியுங்கள்.

கணினி பிடிக்காவிட்டால் அம்பாறையில் கல்லோயாத் திட்டக் காலத்து ஹார்டி உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது, சம்மாந்துறையிலும் ஒரு நிறுவனம் இருக்கிறது, எங்கே என்ன கற்கைநெறி என்று அந்த வருட அறிவித்தலில் பாருங்கள். கைத்தொழில்தான் விருப்பம் என்றால் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அது ஏழு மட்டம். நான்காம் மட்டத்தோடு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, ஐந்து, ஆறு என்று டிப்ளோமா முடித்து இரத்மலானை வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களும் உண்டு.

வீட்டில் சம்மதிக்காவிட்டால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் அங்கே போங்கள். கடைசி வருடப் பிள்ளைகள் நாலு பேரிடம், பயிற்சிக்கு எங்கே போனீர்கள், அங்கே என்ன வேலை தந்தார்கள் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.