பையன் கஞ்சாச் செடியில் ஆராய்ச்சி செய்யப் போகிறானாம்!

வணக்கம் அம்மா. பி.எஸ்சி அக்ரி கடைசி வருடம் படிக்கும் மகன், கனடா போய்க் கஞ்சாவில் வீரிய ஒட்டு ரகம் உருவாக்கப் போகிறேன் என்கிறான், சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பயிர் இனப்பெருக்கம் படிக்கிறான் என்று சொல்லுங்கள். பொய் இல்லை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி நடக்கும் தொழில்.

வீட்டில் பப்பாளி வைத்திருக்கிறீர்களா? ஆணா பெண்ணா என்று பூ விட்ட பிறகுதான் தெரியும். அதனால்தான் குழிக்கு இரண்டு மூன்று கன்று வைப்போம். கஞ்சாவும் அப்படித்தான், ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒட்டு ரகத்துக்கு முதலில் கலப்பில்லாத தூய வரிசைகள், அதாவது தலைமுறைதோறும் ஒரே மாதிரி வரும் செடிக் குடும்பங்கள் வேண்டும். அதற்குச் செடியைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்க வைக்க வேண்டும். நெல் தானாகவே அப்படி மணி பிடிக்கும். கஞ்சாவில் பெண் செடியின் ஒரு கிளையில் வெள்ளி தயோசல்பேட் கரைசல் தெளித்து, ஆண் பூ வரவழைத்து, அந்த மகரந்தத்தை அதே செடியின் மற்ற பூக்களுக்குச் சேர்க்க வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை மரபுக் கலப்பு பாதியாகும். ஆறு தலைமுறையில் 64-ல் 1 பங்குதான் மிஞ்சும். நடுவில் செடிகள் நோஞ்சானாகிப் பல வரிசைகள் தேறாமல் போகும். தேறிய இரண்டு வரிசைகளைக் கலந்தால்தான் ஒரே உயரம், ஒரே சமயத்தில் பூ என்று சீராக வரும் ரகம் கிடைக்கும். வருடக்கணக்கில் பொறுமை வேண்டிய வேலை. உங்கள் மகனுக்கு அது இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி.

சரி, என்ன செய்யலாம்? எம்.எஸ்சியைக் கோவை வேளாண் பல்கலையிலேயே முடிக்கட்டும். ஆய்வுக்கு ஆமணக்கை எடுக்கச் சொல்லுங்கள். பெண் பூ மட்டும் விடும் வரிசையை வைத்து ஒட்டு கட்டும் வித்தை அதில் கைவரும். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்.ஆர்.சி.எச் 1 அப்படி வந்த ஆமணக்கு ரகம்தான். கனடாவில் கஞ்சா நிறுவனங்கள் சில பசுமைக்குடில்களை மூடியிருக்கின்றன. அப்படி ஒரு நாள் வந்தால், ஆமணக்கில் ஒட்டு கட்டத் தெரிந்தவன் வேறு விதைக் கம்பெனிக்குப் போய்விடுவான்.

அமெரிக்கக் கனவும் இருந்தால் கவனம். கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்தது குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை 2019-ல் அறிவித்தது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் அதே கதைதான்.

இந்தியாவில் உத்தராகண்ட் 2018-ல் ஹெம்ப் எனப்படும் போதை குறைந்த கஞ்சாச் சாகுபடிக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்தது; போதைப்பொருளான டி.எச்.சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உரிமம் இல்லாமல் வளர்த்தால் 1985-ம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஆர்வக்கோளாறில் பையன்கள் எதையாவது செய்து வைப்பார்கள். இன்று சாயங்காலம் மொட்டை மாடித் தொட்டிகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.